பட்டியல் விலைக்கு மேல்: அரிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி மறுவிற்பனை செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

2016-ல் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற காரை வெளியிட்டது. உலகம் முழுவதற்கும் சேர்த்து 991 கார்கள்தான். அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை, அதாவது தயாரிப்பாளர் அறிவித்த விலை, 1,84,900 டாலர். சில மாதங்களுக்குள் அதை விற்க முன்வந்தவர்கள் பத்து லட்சம் டாலர் வரை கேட்டார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் அதே நிறுவனம் 911 வரிசையிலேயே ஜிடி3 டூரிங் காரை அறிமுகப்படுத்தியது. பெரிய பின்சிறகு கிடையாது, மேனுவல் கியர்பாக்ஸ் உண்டு, எஞ்சினும் உயர் சுழற்சி வகை. 911 ஆரில் மக்கள் எதைத் தேடினார்களோ அதில் பெரும்பகுதி இப்போது சாதாரண ஜிடி3 விலையிலேயே கிடைத்தது. 911 ஆரின் விலை கிடுகிடுவெனச் சரிந்தது. பட்டியல் விலையில் வாங்கியவர்களுக்கு அப்போதும் நல்ல லாபம் இருந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள்தான் சிக்கிக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலின் லாப நஷ்டம் வாங்கும் இடத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எந்தக் கார், என்ன விலைக்கு, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்கினீர்கள் என்பவைதான் முக்கியம். விற்கும் சாமர்த்தியம் அதற்குப் பிறகு வருவது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வாங்குவதைப் பற்றியே இருக்கும்.

படி 1: அந்தக் கார் ஏன் அரிது என்று கண்டுபிடியுங்கள்

தயாரிப்பாளர் நினைத்தால் விலையை ஏற்றி அந்த லாபத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஏன் அப்படிச் செய்வதில்லை? காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதே அந்த நிறுவனத்துக்குப் பெரிய விளம்பரம். விற்காமல் கிடக்கும் ஒரு கார் அந்தப் பெயருக்கே இழுக்கு. அதனால் சந்தை தாங்கக்கூடிய விலைக்குச் சற்றுக் கீழேயே விலையை வைத்து, எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளிதான் மறுவிற்பனையாளருக்குக் கிடைக்கும் பிரீமியம். இடைவெளி இல்லாத கார்களும் ஏராளம். பக்கவாட்டில் ஒரு கோடும் கதவருகே ஓர் எண் பொறித்த தகடும் வைத்து 'சிறப்புப் பதிப்பு' என்று விற்கப்படுபவற்றுக்குப் பட்டியல் விலை கிடைப்பதே அபூர்வம்.

அரிது என்பதில் மூன்று வகை உண்டு. முதலாவது, எண்ணிக்கையை அறிவித்துவிட்டுச் செய்பவை. போர்ஷே 918 ஸ்பைடர் 918 கார்கள், லெக்ஸஸ் எல்எஃப்ஏ 500 கார்கள், மெக்லாரன் பி1 375 கார்கள். இரண்டாவது, எண்ணிக்கை சொல்லாமல் குறிப்பிட்ட காலம் மட்டும் தயாரிக்கப்படுபவை. இவற்றில் கடைசிக் கார் வெளிவரும்வரை மொத்தம் எத்தனை என்று தெரியாது. மூன்றாவது, தொழிற்சாலையின் திறனுக்கு மேல் தேவை இருப்பதால் தற்காலிகமாகக் கிடைக்காதவை. மூன்றாவது வகையின் பிரீமியம் தயாரிப்பு வேகமெடுத்ததும் கரைந்துவிடும். பல மாதங்கள் வைத்திருந்து விற்கலாம் என்ற எண்ணத்தோடு இதற்குள் இறங்காதீர்கள்.

முதல் வகையிலும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஃபெராரி எஃப்40 காரை முதலில் சுமார் 400 மட்டுமே செய்வதாகத் திட்டம். கடைசியில் 1,300-க்கும் அதிகமாகச் செய்தார்கள். எண்பதுகளின் முடிவில் பல மடங்கு விலைக்குக் கைமாறிய அந்தக் கார், 1990-க்குப் பிறகு சந்தை இடிந்தபோது பலமாக அடிவாங்கியது. 911 ஆர் விஷயத்தில் போர்ஷே வாக்கு மாறவில்லை. 991-க்கு மேல் ஒரு கார்கூடச் செய்யவில்லை. ஆனால் அந்தக் காரின் கருத்தை வேறொரு பெயரில் மறுபடியும் செய்ய எந்தத் தடையும் இல்லையே! ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் காரில் இருக்கும் எந்த அம்சத்தைத் தயாரிப்பாளரால் மறுபடியும் கொடுக்க முடியாது?

எல்எஃப்ஏயின் வி10 எஞ்சின் அந்தக் காருக்காக மட்டுமே செய்யப்பட்டது. அதற்குப் பின் வேறெந்த லெக்ஸஸிலும் அது வரவில்லை. போர்ஷே கரேரா ஜிடியின் வி10 எஞ்சினும் மேனுவல் கியர்பாக்ஸும் சேர்ந்த அமைப்பும் அப்படித்தான். மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் மின்மயமாக்கலும் முடித்துவைத்த ஒரு தலைமுறையின் கடைசிக் கார் என்றால் அதன் அரிதுத்தன்மை உறுதியானது. நிறமும் இருக்கைத் தையலும் மட்டுமே வித்தியாசம் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

படி 2: ஒதுக்கீடு பெறுவது

ஒதுக்கீடு என்றால் வரவிருக்கும் கார்களில் ஒன்று உங்களுக்கென்று ஒதுக்கப்படுவது. இங்கே பணம் மட்டும் போதாது. 911 ஆர் முதலில் 918 ஸ்பைடர் வைத்திருந்தவர்களுக்கே வழங்கப்பட்டது. ஃபெராரியின் மிக உயர்ந்த வரிசைக் கார்களுக்கு அழைப்பு வர வேண்டும். அழைப்பு வர வேண்டுமானால் பல ஆண்டுகளாக அந்த நிறுவனத்தின் கார்களை வாங்கி, வைத்திருந்து, ஓட்டிய வரலாறு வேண்டும். ஃபோர்டு ஜிடி 2016-ல் விண்ணப்ப முறையில் வந்தது. முதல் 500 கார்களுக்கு 6,500-க்கும் மேற்பட்ட முழு விண்ணப்பங்கள் குவிந்தன. டொயோட்டா 2022-ன் இறுதியில் ஜப்பானில் ஜிஆர் கொரோலாவைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வாசல். எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரியாமல் முன்பணம் கட்டுவது வீண்.

டீலர் வழியாக ஒதுக்கீடு வருமானால் விற்பனைப் பிரிவின் தலைவரை நேரில் சந்தித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். சென்ற முறை இந்த வரிசைக் கார் உங்களுக்கு எத்தனை வந்தது? பட்டியலில் என் இடம் என்ன? பட்டியல் விலைக்கே தருவீர்களா, அதை எழுதித் தருவீர்களா? முதல் கேள்விக்கான பதிலே பெரும்பாலும் போதும். இரண்டு கார்கள் வரும் கடையில் இருபதாவது இடத்துக்கு முன்பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீட்டுக்காக முதலில் வேறு கார்களை வாங்கச் சொல்வது இந்தத் துறையில் வழக்கம். வேகமாக மதிப்பிழக்கும் இரண்டு சாதாரண மாடல்களை வாங்கினால் மூன்றாவதாக அரிய கார் வரும் என்பார்கள். பேரம் நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு கார்களில் நீங்கள் இழக்கும் தொகையை மூன்றாவது காரின் கொள்முதல் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. பிரீமியம் முழுவதும் அந்த இரண்டு கார்களுக்குள் போய்விட்டதைக் கடைசியில்தான் உணர்கிறார்கள்.

படி 3: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஃபோர்டு ஜிடி வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா காரைப் பெற்ற சில வாரங்களிலேயே விற்றுவிட்டார் என்று 2017-ல் ஃபோர்டு வழக்குத் தொடர்ந்தது. மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார், சமரசத் தொகை அறக்கொடைக்குப் போனது. அதே 2018-ல் மீகம் ஏல நிறுவனம் வேறொரு ஜிடியைக் கட்டணம் உட்பட 18 லட்சம் டாலருக்கு மேல் விற்றபோது ஃபோர்டு அந்த ஏல நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. அதுவும் சமரசத்தில் முடிந்தது. தடைக்காலம் முடியாத ஜிடிகளை இனி ஏலத்துக்கு எடுப்பதில்லை என்று மீகம் ஒப்புக்கொண்டது. காரை விற்றவர் மட்டுமல்ல, விற்றுக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கட்டுப்பாடுகள் பல வடிவங்களில் வரும். போர்ஷே 911 எஸ்/டி 1,963 கார்கள் மட்டும் வந்தது. அமெரிக்காவில் முதல் ஓராண்டுக்கு அது குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. உங்கள் பெயரில் உரிமையே இல்லாதபோது விற்க எதுவும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ், தேவை மிகுந்த சில மாடல்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் வாரண்டி அடுத்தவருக்கு மாறாது, எதிர்காலத்தில் அரிய மாடல்களை ஆர்டர் செய்யவும் முடியாது என்று அறிவித்தது. டாட்ஜ் நிறுவனம் டீமன் கார்களில் வேறு வழியைப் பிடித்தது. பட்டியல் விலைக்கோ அதற்குக் கீழோ விற்கப்பட்ட ஆர்டர்களை முதலில் தயாரித்தது. ஆஸ்டன் மார்ட்டினின் தலைவராக இருந்த ஆண்டி பால்மர், வால்கிரி காரை வாங்கிக் கைமாற்றுபவர்களுக்கு இனி எந்தச் சிறப்புக் காரும் கிடையாது என்று 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை இவை. விற்கத் தடைக்காலம் எத்தனை மாதங்கள், அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது: ஆர்டர் நாளா, டெலிவரி நாளா, பதிவு நாளா? விற்பதாக விளம்பரம் செய்வதே மீறலா? முதலில் தயாரிப்பாளருக்கோ டீலருக்கோ விற்க முன்வர வேண்டுமா, அப்படியானால் அந்த விலையை யார் நிர்ணயிப்பார்கள்? மீறினால் அபராதம் நிலையான தொகையா, அடைந்த லாபம் முழுவதுமா? ஆர்டரையே இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் முடியாது என்பதே பதில்.

தடைக்காலம் உள்ள காரை நிறுவனத்தின் பெயரிலோ உறவினர் பெயரிலோ வாங்கி மறைமுகமாகக் கைமாற்றலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கையெழுத்திட்ட வாக்கை மீறுவது தவறு. அதோடு, வாகன அடையாள எண் ஒன்றை வைத்தே தயாரிப்பாளரால் அந்தக் காரை எங்கிருந்தாலும் கண்டுபிடிக்க முடியும். சர்வீஸுக்கு வந்தாலும் ஏலப் பட்டியலில் தென்பட்டாலும் தெரிந்துவிடும். ஒரே ஒரு விற்பனையின் லாபத்துக்காக அடுத்த பத்து ஆண்டுகளின் ஒதுக்கீடுகளை இழப்பது வியாபாரக் கணக்கிலும் மோசமான முடிவு. தடைக்காலம் முடிந்த பிறகும் முதலில் உங்கள் டீலரிடம் சொல்லிவிட்டு விற்பதே நல்லது. அவரே வாங்கிக்கொள்ள முன்வருவதும் உண்டு.

முன்பணம் கட்டியவரையும் ஒப்பந்தம் இறுக்கிப் பிடிக்கும். ஜாகுவார் எக்ஸ்ஜே220 1988-ல் வி12 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட மாதிரியாகக் காட்டப்பட்டது. வாங்க விரும்பியவர்கள் 50,000 பவுண்டு முன்பணம் கட்டினார்கள். தயாராகி வந்ததோ இரட்டை டர்போ வி6, பின்சக்கர இயக்கம். அறிவித்த விலை வரி நீங்கலாக 2,90,000 பவுண்டு. 1992-ல் அது 4,70,000-ஐ எட்டியிருந்தது. இதற்கிடையே பொருளாதார மந்தம் வந்து, கைமாற்றி விற்கலாம் என்று கட்டியவர்களுக்கு வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. சிலர் ஒப்பந்தத்திலிருந்து விலக நீதிமன்றம் போனார்கள். ஜாகுவார் பக்கமே தீர்ப்பு. விலையும் வடிவமைப்பும் மாறினால் விலகும் உரிமை உங்களுக்கு உண்டா என்று பார்க்காமல் பெரிய முன்பணம் கட்டாதீர்கள்.

படி 4: ஏற்கெனவே பிரீமியத்தில் இருக்கும் காரை வாங்குவது

ஒதுக்கீடு கிடைக்காதவர்களுக்கு இருக்கும் வழி, பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து முதல் உரிமையாளரிடமோ டீலரிடமோ வாங்குவது. அமெரிக்காவில் டீலர்கள் தனி நிறுவனங்கள். பட்டியல் விலை பரிந்துரை மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு சேர்ப்பது என்பது அவர்கள் விருப்பம். தயாரிப்பாளர் கடுமையாகக் கண்டிக்கலாம், அடுத்த ஒதுக்கீட்டைக் குறைக்கலாம், ஆனால் விலையைக் கட்டளையிட முடியாது.

லாபத்துக்காக வாங்குபவர் டெலிவரி தொடங்கிய முதல் சில வாரங்களில் பிரீமியம் கொடுத்து வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்போது சந்தையில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கார்கள். பொறுமை இல்லாத செல்வந்தர்கள் அவற்றுக்குப் போட்டியிடுகிறார்கள். மாதங்கள் செல்லச்செல்ல டெலிவரிகள் பெருகும், தடைக்காலங்கள் முடியும், விற்பனைக்கு வரும் கார்கள் கூடும். விலை தாழும். வாங்க வேண்டிய நேரம் அது, அதிலும் படி 1-ல் சொன்ன சோதனையில் தேறிய கார் என்றால் மட்டும்.

கரேரா ஜிடி சுமார் 1,270 கார்கள் தயாரானது. அமெரிக்கப் பட்டியல் விலை 4,40,000 டாலர். தயாரிப்பு 2006-ல் முடிந்த பிறகு சில ஆண்டுகள் அது பட்டியல் விலைக்குக் கீழேதான் கைமாறியது. இப்போது பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. எல்எஃப்ஏ 2012-ல் தயாரிப்பு முடிந்தும் அமெரிக்காவில் சில கார்கள் பல ஆண்டுகள் விற்காமல் டீலர்களிடமே கிடந்தன. இப்போது அதுவும் பட்டியல் விலையான 3,75,000 டாலரைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. மெக்லாரன் எஃப்1 இன்னும் பெரிய உதாரணம். முதலில் திட்டமிட்டது 300. வாங்க ஆள் போதாமல் 106-உடன் நின்றது. 2021-ல் பெபிள் பீச் ஏலத்தில் ஒன்று 2 கோடி டாலருக்கு மேல் போனது. புதிதாக வந்தபோது யாரும் முண்டியடிக்காத கார்களே பிற்பாடு உச்சத்துக்குப் போயிருக்கின்றன என்பதை இந்த மூன்றிலும் பார்க்கலாம். இதை எல்லாக் காருக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. விலை சரிந்து அப்படியே கிடக்கும் கார்கள்தான் அதிகம்.

படி 5: நிறமும் கூடுதல் வசதிகளும்

உங்கள் ரசனைக்கு ஆர்டர் செய்தால் உங்களைப் போன்ற ரசனை உள்ளவரைத் தேடி அலைய வேண்டிவரும். அதற்காக எல்லோரும் எடுக்கும் வெள்ளி நிறமே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். அந்த நிறுவனத்தின் வரலாற்றில் இடம்பெற்ற பழைய நிறங்களை, சிறப்பு வண்ணத் திட்டத்தில் கேட்டு வாங்கினால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள். போர்ஷேயில் இது நன்றாகவே தெரியும்.

மேனுவல் கியர்பாக்ஸ் தேர்வாக இருந்தால் அதை எடுங்கள். எடையைக் குறைக்கும் தொகுப்பு, கார்பன் பீங்கான் பிரேக், முன்பக்க அச்சைத் தூக்கும் வசதி ஆகியவற்றைச் சேகரிப்பாளர்கள் எதிர்பார்க்கிறார்கள், இல்லையென்றால் பேரம் பேசுவார்கள். ஒலிபெருக்கி, தோல் உறையிட்ட சிறு பாகங்கள் போன்றவற்றில் போட்ட பணம் திரும்பாது. உங்கள் பெயரைப் பொறித்த தகடு வேண்டவே வேண்டாம்.

படி 6: டெலிவரியும் பராமரிப்பும்

காரோடு வரும் ஒவ்வொன்றும் அதன் மதிப்பின் பகுதி. விலைப்பட்டியல் ஒட்டுத்தாள், ஆர்டர் உறுதிக் கடிதம், இரண்டு சாவிகள், கருவிப் பெட்டி, தொழிற்சாலை உறை, பேட்டரி சார்ஜர், கையேடுகள், பயணப்பெட்டிகள், டீலர் எழுதிய கடிதங்கள்கூட. டெலிவரி அன்றே எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியலிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். ஒரு சாவி குறைந்தால்கூட வாங்குபவர் மனதில் சந்தேகம் விழும்.

ஓட்டுவதற்கு முன்பே பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்டுவது நல்ல செலவு. ஒட்டும் முன் பெயிண்ட் தடிமனை அளந்து அறிக்கை வாங்குங்கள். பின்னால் யாராவது இந்தப் பகுதி மறுபூச்சு செய்யப்பட்டதா என்று கேட்டால் அந்தத் தாள் பதில் சொல்லும்.

எவ்வளவு ஓட்டலாம்? விரைவில் விற்பதானால் ஓடோமீட்டரில் ஏறும் ஒவ்வொரு நூறு கிலோமீட்டரும் விலையில் தெரியும். டெலிவரி தூரத்திலேயே இருக்கும் காருக்குத் தனிச் சந்தை உண்டு. ஆனால் நிறுத்தியே வைத்த காரும் கெடும். பேட்டரி சாகும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும், எரிபொருள் பழசாகும், ரப்பர் அடைப்புகள் உலரும். சார்ஜரில் இணைத்து வையுங்கள், டயர் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள், ஈரப்பதம் கட்டுப்பட்ட இடத்தில் வையுங்கள், ஓடாவிட்டாலும் ஆண்டு சர்வீஸை அதிகாரபூர்வ நிலையத்தில் செய்யுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

காப்பீட்டைச் சந்தை மதிப்புக்கு எடுக்காமல், நீங்களும் காப்பீட்டு நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். பட்டியல் விலைக்கு மட்டும் காப்பீடு செய்த கார் திருடுபோனால் அதற்கு மேலுள்ள மதிப்பு முழுவதும் உங்கள் நஷ்டம். கடல்வழிப் பயணத்துக்கும் தனிக் காப்பீடு தேவை. 2022-ல் ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து மூழ்கியபோது சுமார் 4,000 கார்கள் போயின. அவற்றில் இருந்த லம்போர்கினி அவென்டடோர் அல்டிமே கார்களுக்காக அந்த நிறுவனம் முடித்துவைத்த தயாரிப்பை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. கார் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு அப்படி நேர்ந்தால் தொழிற்சாலை உதவிக்கு வராது.

படி 7: உண்மையான கணக்கு

கற்பனையான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அடிப்படை விலை 3,00,000 டாலர், கூடுதல் வசதிகள் 40,000. ஆக 3,40,000. விற்பனை வரி 8 சதவிகிதம் என்றால் 27,200. பாதுகாப்புப் படலம் 7,000. ஓராண்டுக் காப்பீடும் நிறுத்துமிட வாடகையும் 6,000. போக்குவரத்து 2,000. காருக்கும் வரிக்கும் போட்ட பணத்தை ஓராண்டு முடக்கியதற்கு 7 சதவிகிதம் வைத்தால் ஏறத்தாழ 26,000. மொத்தம் 4,08,200 டாலர்.

ஓராண்டுத் தடைக்காலம் முடிந்து 4,30,000-க்கு விற்கிறீர்கள். கேட்பவர்கள் 90,000 டாலர் லாபம் என்பார்கள். விற்றுக் கொடுக்கும் டீலருக்கு 5 சதவிகிதக் கமிஷன் 21,500. கையில் நிற்பது 4,08,500. லாபம் 300 டாலர். அடிப்படை விலையோடு ஒப்பிட்டு 43 சதவிகிதம் ஏறிவிட்டது என்று பேசப்படும் ஒரு காரில்கூட உண்மையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். வாங்கும் முன்பே இந்தக் கணக்கை உங்கள் ஊர் வரி விகிதத்தோடு போட்டு, எந்த விற்பனை விலையில் போட்ட முதல் திரும்பும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. பிரிட்டனில் தனிப்பட்ட காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் லாபத்துக்காகவே வாங்கி விற்கிறீர்கள் என்று தெரிந்தால் அது வியாபார வருமானம், அதற்கு வரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கார் போகும்போது, ஆறு மாதத்துக்குக் குறைவான வயதுடையதோ 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாததோ வரிச் சட்டத்தின் கண்ணில் புதிய கார்தான். சேரும் நாட்டில் மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டும். ஓட்டாமல் வைத்த கார் இந்த விதியில் வசமாக மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் டீலர் உரிமம் இல்லாதவர் ஆண்டுக்கு எத்தனை கார் விற்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் பெயரில் பதிவு செய்யாமலே அடுத்தவருக்கு உரிமைச் சான்றைத் தள்ளிவிடுவது அங்கே சட்டவிரோதம். ஒரு நல்ல வரி ஆலோசகருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாத செலவு.

படி 8: எப்போது, எங்கே விற்பது

நேரத்தைப் பொறுத்தவரை இரண்டே வாய்ப்புகள்தான். ஒப்பந்தம் அனுமதித்தால் டெலிவரிகள் பெருகுவதற்கு முன் விற்பது ஒன்று. இல்லையெனில் பல ஆண்டுகள் வைத்திருப்பது. இடையிலுள்ள காலம் பெரும்பாலும் மோசமானது. எல்லாருடைய தடைக்காலமும் ஒரே சமயத்தில் முடிந்து கார்கள் குவியும் மாதங்களில் விற்க நேர்ந்தால் அவசரப்படாமல் அந்த அலை ஓயும்வரை காத்திருங்கள். தயாரிப்பாளர் அடுத்த தலைமுறை மாடலை அறிவிக்கப்போகும் அறிகுறி தெரிந்தால் மட்டும் உடனே நகருங்கள்.

விற்கும் இடங்களில் இணைய ஏலம் இப்போது வலுவானது. பிரிங் எ டிரெய்லர் போன்ற தளத்தில் விற்பவர் சிறு பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். வாங்குபவரிடம்தான் உச்சவரம்புக்கு உட்பட்டு 5 சதவிகிதம் வாங்குகிறார்கள். அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அது பெரிய பலம். பெரிய ஏல அரங்குகள் வாங்குபவரிடம் 10 சதவிகிதமோ அதற்கு மேலோ வசூலிக்கின்றன. ஏலத்தில் கேட்பவர் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் விலை சொல்வார் என்பதை மறக்க வேண்டாம். பத்திரிகைகளில் வரும் ஏல விலை பெரும்பாலும் இந்தக் கட்டணம் சேர்ந்தது. விற்றவர் கையில் சேர்ந்தது அல்ல. விளம்பரங்களில் கேட்கப்படும் விலையையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். முடிந்த விற்பனைகளை மட்டும் பாருங்கள்.

விவரிப்பில் எதையும் மறைக்காதீர்கள். சக்கர விளிம்பில் சிறு கீறல், மாற்றிய கண்ணாடி, பந்தயத்தடத்தில் ஓட்டிய ஒரு நாள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். போர்ஷே கார்களின் எஞ்சின் கணினி, வரம்பு மீறிய சுழற்சிகளை நிலைவாரியாகப் பதிந்து வைத்திருக்கும். அந்த அறிக்கையை வாங்குபவர் கேட்பதற்கு முன்பே இணைத்துவிட்டால் பேரத்தில் பாதி வேலை முடிந்துவிடும். சுயேச்சையான ஆய்வாளரை அனுப்ப விரும்பினால் மகிழ்ச்சியோடு அனுமதியுங்கள். தடைக்காலம் முடிந்துவிட்டதற்கான சான்றையும் வாரண்டி மாறும் என்பதற்கான உறுதியையும் கோப்பில் வையுங்கள்.

படி 9: பணமும் பத்திரமும்

இந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் மோசடியும் இருக்கும். 2018-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு போர்ஷே டீலரின் ஊழியர், இல்லாத ஒதுக்கீடுகளைக் காட்டி முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் முன்பணம் வாங்கித் தன் கணக்கில் போட்டுக்கொண்டது வெளிச்சத்துக்கு வந்தது. கடை உண்மையானது, ஆளும் அங்கே வேலை செய்தவர்தான், பணம் போன வங்கிக் கணக்கு மட்டும் கடையுடையது அல்ல. ஆகவே முன்பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணைக் கடையின் நிதிப் பிரிவில் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். அந்தத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடி எடுங்கள். ஆர்டருக்குத் தயாரிப்பாளர் வழங்கும் எண்ணைக் கேட்டு வாங்கி அதைச் சரிபாருங்கள்.

தனிநபரிடம் விற்கும்போது, கைமாற்றம் முடியும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புக் கணக்கு (எஸ்க்ரோ) வழியே பணத்தைப் பெறுங்கள், அந்தச் சேவையை எதிர்த்தரப்பு அனுப்பிய இணைப்பில் போய்த் திறக்காதீர்கள். காசோலை வேண்டாம். வங்கிப் பரிமாற்றம் உங்கள் கணக்கில் இறுதியாக வரவாகிவிட்டதை வங்கி அதிகாரியிடம் கேட்டு உறுதிசெய்யும்வரை சாவியையோ உரிமைச் சான்றையோ கொடுக்காதீர்கள். காரின் மீது கடன் இருந்தால் அதைத் தீர்த்த சான்று முதலில் வர வேண்டும்.

விற்பனைப் பத்திரத்தில் வாகன அடையாள எண், ஓடோமீட்டர் அளவு, தேதி, நேரம், உடன் கொடுத்த பொருட்களின் பட்டியல் எல்லாம் இருக்கட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள். கார் கிளம்பியதும் பதிவு அலுவலகத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவியுங்கள், அதன்பிறகே காப்பீட்டை ரத்து செய்யுங்கள். காரின் கணினியிலும் கைபேசிச் செயலியிலும் உள்ள உங்கள் கணக்கை நீக்குங்கள். வாங்கியது முதல் விற்றது வரையிலான ரசீதுகளை வரித்துறை கேட்கக்கூடிய காலம் முழுவதும் பத்திரமாக வைத்திருங்கள்.